கண்ணாடி இல்லாத படம்

ஐப்பசி மழை கொஞ்சம் அடங்கியதும் எங்கள் கடைக்கு அழைப்பிதழ்கள் வர ஆரம்பிக்கும். கல்யாணப் பத்திரிகைகள் அல்ல, ஓவியக் கண்காட்சிக்கான அழைப்புகள். திருப்பதியில் இரண்டு மூன்று கூடங்கள், சித்தூரில் கற்சிலைகள் வைத்திருக்கும் மியூசியத்தின் முன்னறை, எல்லாம் டிசம்பரில்தான் விழித்துக்கொள்ளும். வெயில் காலத்தில் எங்கள் பக்கத்தில் யார் ஓவியம் பார்க்கப் போவார்கள்? குளிர் வந்தால்தான் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் ஊருக்கு வருவார்கள். பள்ளிக்கூடங்களுக்கு லீவு விடுவார்கள். மலைக்கு வந்தவர்கள், தரிசன நேரம் வரும்வரை எங்கே பொழுதைக் கழிப்பது என்று தெரியாமல் கீழே சுற்றிக்கொண்டிருப்பார்கள். அவர்களை நம்பித்தான் இந்தக் கண்காட்சிகள்.

நான் சித்தூரில் ஒரு பிரேம் கடையில் வேலை செய்கிறேன். இருபது வருஷம் ஆகப்போகிறது. படங்களுக்குச் சட்டம் போட்டு, திருப்பதிக்குக் கொண்டுபோய்ச் சுவரில் மாட்டுவதுவரை எங்கள் வேலை. திறப்புக்கு முந்தைய நாள் கடைசி ஆணியை அடித்துவிட்டு, தரையில் உதிர்ந்த சுண்ணாம்பைப் பெருக்கி அள்ளிவிட்டுக் கிளம்பிவிடுவோம். அதனால் எனக்குத் தெரிந்த கண்காட்சிகள் எல்லாம் வரப்போகிற கண்காட்சிகள்தான். வந்த கண்காட்சி ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. போன வருஷம் வரைக்கும்.

ஏழாவதோடு என் படிப்பை நிறுத்திவிட்டார்கள். சித்தூர்ப் பக்கம் பாலசமுத்திரத்தில் நான் படித்ததும் தெலுங்குப் பள்ளிக்கூடம். வீட்டில் பேசிய தமிழை எழுத்தாகப் பார்த்தது இந்தக் கடைக்கு வந்த பிறகுதான். படத்தின் பின்னால் ஒட்டுவதற்குப் பழைய தமிழ்ப் பேப்பர் கட்டுக்கட்டாக வரும். பசை தடவுவதற்குமுன் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். பாதிச் செய்தி படித்திருப்பேன், மீதி வேறொரு சாமியின் முதுகில் ஒட்டிப் போயிருக்கும். அப்படிக் கற்றுக்கொண்ட தமிழில்தான் இதை எழுதுகிறேன்.

என் பயத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். தெருமுனை போய்த் திரும்பி வந்து நான்காவது தடவையும் இழுப்பேன். பஸ் டிக்கெட்டை இறங்கும்வரை உள்ளங்கையில் மடக்கி வைத்திருப்பதால் அது ஈரமாகி எழுத்தே அழிந்திருக்கும். “பல்லி கத்துனா கூட உன்னைத்தான் திட்டுதுன்னு நெனைச்சிக்கினு இருப்ப” என்பார் என் வீட்டுக்காரர். அது கேலிதான். ஆனால் உண்மையும்கூட.

எங்கள் கடையில் ஒரு பழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றியதும், அந்த வாரம் முடிந்த படங்களை எல்லாம் சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைக்க வேண்டும். கடைக்கு வருவதில் பெரும்பாலும் சாமி படம், மிச்சம் செத்துப்போனவர்கள் படம். இரண்டுக்கும் சந்தனம் வேண்டியதுதானே. கண்ணாடிமேல், சட்டத்திலிருந்து இரண்டு விரல் கீழே, நடுவில் ஒரு பொட்டு. ஒருவர் தன் மகனின் டிகிரி சர்டிபிகேட்டைச் சட்டம் போடக் கொடுத்தார், அதற்கும் வைத்தேன். வாங்கிப்போகிறவர்கள் யாரும் அதைத் துடைப்பதில்லை. வைக்காவிட்டால்தான், “இன்னாமா, எங்க படத்துக்கு மட்டும் உட்டுட்டியே” என்பார்கள்.

போன வருஷம் கார்த்திகையில் ஒரு மேடம் பதினொரு படங்கள் கொண்டுவந்தார். ஐம்பது வயது தாண்டியவர். திருப்பதியில் பரம்பரையாகக் கோயில் கைங்கரியம் செய்கிற வைஷ்ணவக் குடும்பம். திருப்பதிக் கூடத்தில் மார்கழி முதல் நாள் அவருடைய கண்காட்சி. அதுதான் அவருக்கு முதல் கண்காட்சி என்று சொன்னார். எல்லாம் கரியால் வரைந்தவை. குளிர்காலத்தில் விடியும்போது கீழிருந்து மலையைப் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி. அடியில் மெல்லிய சாம்பல் நிறத்தில் மலைவிளிம்பு, மேலே வெறும் பனி. பனி என்றால் ஒன்றும் வரையாத வெள்ளைக் காகிதம்.

பத்துப் படங்கள் சின்னவை. ஒன்று மட்டும் ஜன்னல் அகலத்துக்குப் பெரியது. அதைக் காட்டி, “இதுக்குக் கண்ணாடி வேண்டாம்” என்றார்.

“கண்ணாடி இல்லைன்னா தூசி படிஞ்சிடும் மேடம்” என்றார் எங்கள் ஓனர்.

“படியட்டுமே. கண்ணாடி போட்டா பாக்கறவா மூஞ்சிதான் அதுல தெரியும். பனி தெரியாது.”

“சரே, உங்க இஷ்டம்.”

கண்ணாடி வேண்டாம் என்று தெலுங்கில் பெரிதாக ஒரு சீட்டில் எழுதி அந்தப் படத்தின் பின்னால் ஒட்டினேன். என் கையால்தான் எழுதினேன். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எனக்குத் தெரியாது என்று நான் பிற்பாடு எங்கேயும் சொல்ல வழியில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஓனர் பஸ் ஸ்டாண்டுக்குப் பார்சல் எடுக்கப் போயிருந்தார். விளக்கேற்றினேன். கிண்ணத்தில் சந்தனம் குழைத்தேன். கடைச் சந்தனம்தான், பாதிக்குமேல் மஞ்சள் கலர்ப் பொடி. வரிசையாக வைத்துக்கொண்டே வந்தேன். ஒரு முருகர், இரண்டு லட்சுமி, மாலை போட்ட ஒரு தாத்தா, அப்புறம் மேடத்தின் சின்னப் படங்கள் பத்து. ஒவ்வொரு தடவையும் விரல் நுனியில் கண்ணாடியின் குளிர்ச்சி. மனசு வேறெங்கோ இருந்தது. அடுப்பை அணைத்தேனா என்று யோசித்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன்.

பதினோராவது படத்தில் குளிர்ச்சி வரவில்லை.

விரலின் கீழே மெத்தென்று இருந்தது. சந்தனத்தின் ஈரத்தைக் காகிதம் உறிஞ்சுவதை என் தோல் உணர்ந்தது. அப்படியே கையை எடுக்காமல் நின்றேன். எடுத்தால்தானே பார்க்க வேண்டும்.

முதலில் பஞ்சால் ஒற்றினேன். பிறகு புடவைத் தலைப்பின் ஓரத்தை நனைத்து மெல்லத் துடைத்தேன். அங்கேதான் இன்னொரு தப்பு. மிளகளவு இருந்தது நெல்லிக்காய் அளவுக்குப் படர்ந்தது. வெள்ளைப் பனிக்கு நடுவே, மேலே, பளிச்சென்று மஞ்சள். ஓனரின் செருப்புச் சத்தம் படியில் கேட்டது. படத்தைத் திருப்பிச் சுவர்ப் பக்கமாகச் சாய்த்துவிட்டேன். கண்ணாடி வேண்டாம் என்று என் எழுத்து என்னையே பார்த்தது.

சொல்லியிருக்கலாம். அந்த நேரத்திலேயே, “அண்ணா, இப்படி ஆயிட்ச்சு” என்று சொல்லியிருந்தால் ஒரு நாள் திட்டோடு போயிருக்கும். ஆனால் எனக்கு வாய் வராது. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். ஸ்லேட்டை உடைத்துவிட்டு மூன்று நாள் பள்ளிக்கூடத்துக்கே போகாமல் கரும்புத் தோட்டத்தில் உட்கார்ந்திருந்தவள் நான்.

சனிக்கிழமை காலை, ஓனர் வருவதற்குமுன் போய் மவுண்ட் அட்டையை எடுத்தேன். படத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் நாலு பக்கமும் ஓடுகிற வெள்ளை அட்டைக்கு எங்கள் தொழிலில் மவுண்ட் என்று பெயர். அந்தப் படத்துக்கு ஒரு விரல் அகலம் போட்டிருந்தோம். அதை எடுத்துவிட்டு, மேலேயும் பக்கவாட்டிலும் நாலு விரல் அகலத்தில் புதிதாக வெட்டினேன். கீழே மட்டும் கை வைக்கவில்லை, மேடத்தின் கையெழுத்து அங்கே இருந்தது. அட்டையைப் பொருத்தினதும் மஞ்சள் மறைந்தது. பனியில் பாதியும் மறைந்தது.

“இன்னாமா, மவுண்ட் இவ்ளோ அகலமா கீது?” என்றார் ஓனர்.

“பெரிய படம்ண்ணா. அகலமா இருந்தாதான் எடுப்பா இருக்கும்.”

“நீ சொன்னா சரி.”

அதுதான் இன்னும் கஷ்டம். அவர் சந்தேகப்பட்டிருந்தால்கூடக் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பேன்.

செவ்வாய்க்கிழமை அழைப்பிதழ் வந்தது. அட்டையில் அதே பெரிய படம், சட்டம் போடுவதற்கு முன் எடுத்த போட்டோ, முழுசாக. மேலே அத்தனை வெள்ளையும் இருந்தது. போனிலும் வந்தது. ஓனர் அதைத் தன் ஸ்டேட்டஸில் போட்டார். ஊரில் இருக்கிற எல்லோர் கையிலும் என் தப்புக்குச் சாட்சி. கடைக்கு வந்த இருபது அழைப்பிதழ்களையும் எடுத்து பேப்பர்க் கட்டுக்கு அடியில் சொருகிவிட்டேன். மற்றவர்கள் கையில் இருப்பதை எங்கே போய்ச் சொருகுவது?

மார்கழி பிறப்பதற்கு முந்தைய நாள் வேனில் படங்களை ஏற்றிக்கொண்டு போனோம். சந்திரகிரி தாண்டியதும் மலை தெரிந்தது. பனி இன்னும் விலகவில்லை. அந்த மேடம் வரைந்த மாதிரியேதான் இருந்தது. நான் அதை மறைப்பதற்கு முன்னால் இருந்த மாதிரி.

கூடத்துக்கு ஜன்னல்கள் உண்டு, ஆனால் படம் மாட்டுவதற்காக எல்லாவற்றையும் பலகை அடித்து மூடி வெள்ளை பூசிவிட்டார்கள். வாசல் ஒன்றுதான். பெரிய படத்தை உள்சுவரின் நடுவில் மாட்டினோம். வேலை முடிந்து துடைப்பத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது ஓனர் வந்து சொன்னார்.

“ஏம்மா, இங்க ஒக்காந்துக்கினு படத்தப் பாத்துக்கற ஆளு சபரிமலைக்கு மாலை போட்டுக்கினு கெளம்பிட்டானாம். பத்து நாளைக்கு ஆளு ஓணும்னாங்க. நீ இருப்பன்னு சொல்லிட்டேன்.”

“நானா?”

“பின்ன? காத்தால பஸ்ல வா, சாய்ந்தரம் பஸ்ல போ. நாற்காலி போட்டுக் குடுக்கறாங்க. தொடாதீங்க, தொடாதீங்கன்னு சொல்லிக்கினு ஒக்காரணும், அவ்ளோதான். இருக்கறதுலயே ஜாக்கிரதையான ஆளு யாருன்னு கேட்டாங்க. உன்னத் தவிர யாரு கீறாங்க?”

நாற்காலியைக் காட்டினார்கள். அது வாசலை ஒட்டி, உள்சுவரைப் பார்த்துப் போடப்பட்டிருந்தது. உட்கார்ந்து பார்த்தேன். எதிரே, நேருக்கு நேர், அந்தப் படம். வேறெங்கும் திரும்ப முடியாது. பத்து நாள். வீட்டுக்காரர் போன் செய்து, “இன்னா, துன்னியா?” என்று கேட்டார். துன்னுட்டேன் என்றேன். கட்டிக்கொண்டு போன புளிசோற்றைப் பிரிக்கவே இல்லை.

மூன்று மணிக்கு மேடம் வந்தார். சின்னப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து பெரிய படத்தின் முன் நின்றார். இரண்டடி பின்னால் போனார். திரும்பக் கிட்டே வந்தார். ஏதோ பிடிபடாத மாதிரி தலையைச் சாய்த்துப் பார்த்தார். நான் பெருக்கின இடத்தையே மறுபடி பெருக்கினேன்.

“ஏன் இப்படி இருக்கு?” என்றார், யாரையும் பார்க்காமல். “ஆத்துல வரையறச்சே இதுல மூச்சு விட இடம் இருந்ததுன்னு நெனச்சேன். இப்போ பாத்தா கழுத்தப் பிடிச்சாப்ல இருக்கே.”

“நல்லாதான் கீது மேடம். லைட் போட்டா இன்னும் எடுப்பா இருக்கும்” என்றார் ஓனர்.

“இல்ல, இல்ல. பெரிசா வரைய எனக்குக் கை வரல. அதான். நாலு மாசம் இதையே பாத்துண்டு இருந்திருக்கேன், கண்ணு பழகிப்போயிடுத்து.” கைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றினார். “இத எறக்கிடுங்கோ.”

“மேடம், கார்டுலயே இதான் கீது.”

“இருக்கட்டும். நன்னா இல்லாதத எதுக்கு மாட்டணும்? பத்துப் படம் போறும். இனிமே நான் பெரிசா எதையும் தொடல.”

ஓனர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். ஏணியைப் போட்டேன். ஏறினேன். சட்டத்தின் இரண்டு பக்கமும் பிடித்தேன்.

அந்த நேரத்தில் என் மனசில் வந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். தப்பித்துவிட்டேன் என்றுதான் முதலில் தோன்றியது. படம் இறங்கிவிடும். பேப்பரில் சுற்றி அவர் வீட்டுப் பரணில் போடுவார்கள். அட்டையை யாரும் திறக்க மாட்டார்கள். நான் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. பத்து நாள் எதிரே வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம். கையை உயர்த்தினால் போதும், ஆணியிலிருந்து கயிறு விடுபட்டுவிடும்.

கீழே மேடம் தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். விரல்களை மடக்கி, நீட்டி, மறுபடி மடக்கி. வேலைக்கு ஆகாத கை என்று பார்ப்பது போல.

“மேடம்” என்றேன். “படம் நல்லாதான் கீது. நான்தான் மூடி வெச்சிருக்கேன்.”

“என்னது?”

“உங்க பனி இன்னும் இருக்குது. அட்டைக்கு அடியில.”

படத்தை இறக்கி மேசைமேல் கவிழ்த்து, டேப்பைப் பிரித்து, ஆணிகளைக் கழற்றி, மவுண்டைத் தூக்கினேன். ஒரு ஆணி எங்கேயோ உருண்டு ஓடியது. வெள்ளை திரும்பி வந்தது. அதோடு மஞ்சளும்.

ஓனர் குனிந்து பார்த்தார். “இது இன்னாது?”

“சந்தனம்ண்ணா. வெள்ளிக்கெழம வெச்சேன்.”

“அடிப்பாவி! கண்ணாடி வேணாம்னு எழுதுனதே நீதான!”

“ஆமாண்ணா.”

“எழுதுன கையாலயே வெச்சியா?”

“ஆமாண்ணா.”

மேடம் மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

“எங்காத்துல பீரோவுக்குச் சந்தனம் வெப்பா” என்றார் கடைசியில், மெதுவாக. “ஃப்ரிட்ஜுக்கு வெப்பா. புது ஸ்கூட்டருக்கு வெப்பா, கரண்ட் மீட்டருக்கு வெப்பா. நான் மலைய வரஞ்சா, பெருமாள் எங்கேடின்னு கேப்பா. பெருமாளும் இல்லாம, சந்தனமும் இல்லாம, ஒண்ணே ஒண்ணு எனக்குன்னு இருக்கட்டுமேன்னு இத வரஞ்சேன்.” என்னை நிமிர்ந்து பார்த்தார். “அதுக்கும் வெச்சுட்டியே.”

அழுதேன் என்று எழுதினால் என்மேல் இரக்கம் வரும். அழவில்லை. தலையைக் குனிந்துகொண்டு உருண்டு போன ஆணியைத் தேடினேன்.

“வேற மவுண்ட் வெட்டித் தர்றோம் மேடம், கொஞ்சம் சின்னதா, மஞ்சள் மட்டும் மறையற மாதிரி” என்றார் ஓனர்.

“வேண்டாம். அட்டையே வேண்டாம். வெறும் சட்டத்தோட மாட்டுங்கோ.”

“கறையோடயா?”

“கறையோடதான். அடைச்சு வெச்சா படமே செத்துப்போறது, இப்போ பாத்தேளோல்லியோ.” பிறகு என் பக்கம் திரும்பினார். “பரவாயில்லன்னு நான் சொல்லல. தெரியறதா? எனக்குக் கோவம் போகல.”

“தெரியுது மேடம்.”

“நாளைக்கு எல்லாரும் இது என்னன்னு கேப்பா. நான் சொல்ல மாட்டேன். நீதான் சொல்லணும்.”

ஓனர் குறுக்கே வந்தார். “அந்த நாற்காலிக்கு வேற ஆள அனுப்பறேன் மேடம்.”

“வேண்டாம். இவளே இருக்கட்டும்.”

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்தேன். டிக்கெட் வழக்கம்போல உள்ளங்கையில் கரைந்துபோயிருந்தது. விளக்கேற்றினார்கள், யாரோ பேசினார்கள், கைதட்டினார்கள். ஒரு கண்காட்சி திறப்பதை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். ஆனால் எதையும் பார்த்த ஞாபகம் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து எதிரே இருந்த மஞ்சளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அதைச் சுற்றிலும் அவ்வளவு வெள்ளை இருந்தது. யார் வந்தாலும் கண் முதலில் அங்கேதான் போகும்.

பத்தரை மணி இருக்கும். மலையிலிருந்து இறங்கிய ஒரு குடும்பம் உள்ளே வந்தது. சேலம் பக்கத்துப் பேச்சு. அந்த அம்மாவுக்கும் மொட்டை, வீட்டுக்காரருக்கும் மொட்டை, இருவர் தலையிலும் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. அந்த அம்மா பெரிய படத்தின் முன் போய் நின்றார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

“ஏனுங்க, இது சூரியனுங்களா?”

மேடம் கூடத்தின் அந்தக் கோடியில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். பேச்சு நின்றது எனக்குத் தெரிந்தது. சூரியன்தான் என்று சொன்னால் அந்த அம்மா சந்தோஷமாகப் போய்விடுவார். பத்து நாளைக்கும் அதையே சொல்லிவிடலாம். யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை.

எழுந்து நின்றேன்.

“இல்லைங்க. அது சந்தனம். படத்துல இருந்தது இல்ல. கண்ணாடி இல்லைங்கறத மறந்துட்டு நான் கை வெச்சிட்டேன்.”

“நீங்களா?”

“ஆமாங்க. நான்தான்.”

அவர் படத்தை மறுபடி பார்த்தார். தன் தலையைத் தொட்டு, விரலில் ஒட்டின பொடியைப் பார்த்து, புடவையில் துடைத்துக்கொண்டார். “ஆமா, கை வெச்சா சந்தனம் போகாதுங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்தார்.

கூடத்தின் கோடியில் மேடம் பேச்சைத் தொடர்ந்தார். நான் உட்கார்ந்தேன். அதற்குள் வாசலில் அடுத்த கூட்டம் செருப்பை விட்டுக்கொண்டிருந்தது. இங்கே செருப்பை விட வேண்டியதில்லை என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. அவர்கள் உள்ளே வந்து நேராகப் பெரிய படத்தைப் பார்த்து நடந்தார்கள். அவர்கள் கேட்பதற்குள்ளாகவே நான் மறுபடி எழுந்து நின்றுவிட்டேன்.